ரோமும் வந்தேறிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவில் குடியேற்றம் பற்றிப் பேச்சு எழுந்தால் யாராவது ஒருவர் ரோமை இழுத்துவிடுவார். 2021 அக்டோபரில், ஜி20 மாநாட்டை ஒட்டி, அன்றைய பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன், கட்டுப்பாடில்லாத குடியேற்றத்தால்தான் பெரும்பாலும் ரோமப் பேரரசு விழுந்தது என்றார். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள், எல்லோரையும் அணைத்துக்கொண்டதால்தான் ரோம் அவ்வளவு காலம் நின்றது என்பார்கள். இரண்டு தரப்புக்கும் கையில் ஆதாரம் உண்டு. ஆனால் தங்களுக்குத் தோதான பக்கத்தை மட்டும் படித்துக்காட்டுகிறார்கள்.

அப்படியானால் ரோம் வெளியாட்களை வரவேற்றதா, விரட்டியதா?

இரண்டையும் செய்தது. பல நேரங்களில் ஒரே ஆட்சியே இரண்டையும் செய்தது.

அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டால் ரோம் தாராளமானதுதான். ஏதென்ஸில் கி.மு. 451 வாக்கில் வந்த சட்டப்படி, அப்பா அம்மா இருவருமே ஏதென்ஸ் குடிகளாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. ரோமிலோ, ஒரு ரோமக் குடிமகன் தன் அடிமையை முறைப்படி விடுவித்தால் அந்த அடிமை அன்றே ரோமக் குடிமகன். அவனால் பதவிக்கு வர முடியாது. அவன் மகனால் முடியும். கி.பி. 193-ல் சில மாதங்கள் பேரரசராக இருந்த பெர்டினாக்ஸ், விடுதலை பெற்ற ஓர் அடிமையின் மகன்.

இதை அக்காலத்திலேயே எதிரிகள் கவனித்திருக்கிறார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாசிடோனிய மன்னன் ஐந்தாம் பிலிப், ஆள் குறைந்துபோன லாரிஸா நகரத்துக்குக் கடிதம் எழுதினான். ரோமானியர்களைப் பாருங்கள், விடுவித்த அடிமையைக்கூடக் குடிமகன் ஆக்குகிறார்கள், அப்படித்தான் நாடு பெருத்தது, நீங்களும் புதியவர்களைச் சேருங்கள் என்பது அதன் சாரம். கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் சொன்னான். அந்தக் கடிதம் கல்வெட்டாக இன்றும் இருக்கிறது.

ஆனால் அந்த அடிமை முதலில் எப்படி ரோமுக்கு வந்தான்? பெரும்பாலும் அவன் ஊரைக் கொளுத்தி, அவனைக் கட்டி இழுத்து வந்து விற்றிருப்பார்கள். தாராள மனசு என்று புகழ்வதற்கு முன்னால் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ரோமின் தொடக்கக் கதையே அகதிக் கதைதானாமே?

ஆமாம். ரோமானியர்கள் தங்கள் மூதாதையாகச் சொல்லிக்கொண்ட ஈனியஸ், எரிந்த ட்ராயிலிருந்து தப்பி வந்தவன். ஊரை நிறுவிய ரோமுலஸ், கேப்பிட்டலின் குன்றில் ஒரு புகலிடம் திறந்து, அடிமையோ சுதந்திரனோ, ஓடி வந்தவனை எல்லாம் சேர்த்துக்கொண்டானாம். அப்புறம் பெண்கள் இல்லை என்று அண்டையில் இருந்த சபைன் இனத்துப் பெண்களைக் கடத்தி வந்ததும் அதே கதையில்தான் வருகிறது.

இது வரலாறு இல்லை, புராணம். ஆனாலும் ஓர் ஊர் தன்னைப் பற்றி என்ன கதை சொல்லிக்கொள்கிறது என்பது முக்கியம். ஏதென்ஸ்காரர்கள் தாங்கள் அந்த மண்ணிலேயே முளைத்தவர்கள் என்று பெருமை பேசினார்கள். ரோமானியர்கள் வந்து சேர்ந்தவர்கள் என்று பெருமை பேசினார்கள்.

1968 ஏப்ரல் 20 அன்று பர்மிங்ஹாமில் பிரிட்டிஷ் எம்.பி. ஈனக் பவல் குடியேறிகளுக்கு எதிராகப் பேசிய பேச்சு உலகப் பிரசித்தம். ரோமின் டைபர் ஆறு ரத்தத்தில் நுரைப்பதைக் காண்கிறேன் என்று அவர் எடுத்தாண்ட வரி, ரோமக் கவிஞர் வெர்ஜிலின் ஈனியட் காவியத்துடையது. அந்தக் காவியத்தில் அது ஈனியஸிடம் சொல்லப்படும் குறி. அதாவது, இத்தாலிக்குப் படகேறி வந்த ஓர் அகதியிடம், அவனுக்கு இனி வரப்போகும் போர்களைப் பற்றிச் சொன்னது. பவல் கிரேக்கப் பேராசிரியராக இருந்தவர். தெரியாமல் பேசியிருக்க மாட்டார்.

குடியுரிமையால் என்ன லாபம்? ஓட்டுப் போடுவதா?

ஓட்டு ரோம் நகரத்துக்குப் போய்ப் போட வேண்டியது. தூரத்தில் இருந்தவனுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. சட்டப்படி செல்லும் திருமணம், சொத்தை எழுதிவைக்கும் உரிமை, எல்லாவற்றுக்கும் மேல், அதிகாரி கண்டபடி அடிக்க முடியாத ஓர் உடம்பு: இவைதான் குடியுரிமையின் நிஜமான மதிப்பு.

எருசலேமில் கிறிஸ்தவத் தூதர் பவுலைச் சாட்டையால் அடித்து விசாரிக்கக் கட்டியபோது, ரோமக் குடிமகனைத் தீர்ப்பில்லாமல் அடிக்கலாமா என்று அவர் ஒரு கேள்வி கேட்டார். கட்டியவர்கள் பயந்து விலகினார்கள். அப்போது படைத்தலைவன் நான் பெரும் பணம் கொடுத்து இந்த உரிமையை வாங்கினேன் என்கிறான். நான் பிறப்பிலேயே குடிமகன் என்கிறார் பவுல். காசு கொடுத்து வாங்கியவன் பதவியில் இருக்கிறான், பிறப்பால் பெற்றவர் கட்டுண்டு நிற்கிறார். ரோமப் பேரரசின் சமூகம் எவ்வளவு கலந்து கிடந்தது என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும்.

எல்லா இடத்திலும் இது வேலை செய்யவில்லை. சிசிலியில் ஆளுநர் வெர்ரஸ், கேவியஸ் என்ற ரோமக் குடிமகனை மெஸ்ஸானா நகரச் சந்தையில் அடிக்கவிட்டான். ஒவ்வோர் அடிக்கும் அவன் நான் ரோமக் குடிமகன் என்றே கத்தினான். கடைசியில் இத்தாலிக் கரையைப் பார்த்தபடி சிலுவையில் அறைந்தார்கள். கி.மு. 70-ல் வெர்ரஸ் மீது வழக்கு நடத்திய சிசரோ இதை அங்குலம் அங்குலமாக எழுதிவைத்தார். ரோமில் வாசித்தவர்கள் பதறியது, அடிபட்டவன் குடிமகன் என்பதற்காக. குடிமகன் அல்லாதவனுக்கு அதே நடந்திருந்தால் அது செய்தியே இல்லை.

வெளிநாட்டவன் ஒருவனுக்கு இது எப்படிக் கிடைக்கும்?

பல வழிகள். விடுதலை பெற்ற அடிமை ஒருவகை. சில ஊர்களில் நகராட்சிப் பதவி வகித்தால் கிடைக்கும். பேரரசர் மனம்வைத்தாலும் கிடைக்கும். இவற்றில் எனக்கு மிகச் சுவையாகப் படுவது துணைப்படை வழி.

குடிமகன் அல்லாதவன் துணைப்படையில் சேர்ந்து 25 ஆண்டு வேலை பார்த்து, ஒழுங்காக ஓய்வு பெற்றால் குடியுரிமை. அதற்கு அத்தாட்சியாக ஒரு வெண்கலப் பத்திரம் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு சிறு தகடுகள். ஒரே வாசகம் உள்ளேயும் வெளியேயும் பொறிக்கப்பட்டிருக்கும். தகடுகளைக் கம்பியால் கட்டி, ஏழு சாட்சிகளின் முத்திரையைப் போட்டு மூடிவிடுவார்கள். வெளியே உள்ளதை யாராவது திருத்திவிட்டான் என்று சந்தேகம் வந்தால் முத்திரையை உடைத்து உள்ளே பார்க்கலாம். மூலம் ரோமில் பொது இடத்தில் மாட்டப்பட்டிருக்கும். இது நகல்தான். பிரிட்டன் முதல் பால்கன் வரை மண்ணுக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. டான்யூப் கரைக் கிராமத்துக்காரன் ஒருவன், தன் ஊரில் யாரும் படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய அந்தத் தகட்டைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தான் என்றால், அதன் மதிப்பு அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பத்திரத்தில் நுணுக்கமும் உண்டு. பணியில் இருக்கும் சிப்பாய் சட்டப்படி மணம் செய்யக் கூடாது. செய்யாமலா இருந்தான்? அதனால் ஓய்வின்போது ஒரே ஒரு மனைவியோடு உள்ள உறவைச் சட்டம் ஏற்றுக்கொள்ளும். பிள்ளைகளுக்கும் குடியுரிமை உண்டு. கி.பி. 140 வாக்கில் அந்தப் பிள்ளைகள் சலுகையை வெட்டிவிட்டார்கள். விதியை நடுவில் மாற்றுவது அரசுகளுக்குப் புதிதல்ல.

பக்கத்து இத்தாலிக்காரர்களுக்கே கொடுக்க மறுத்தார்களாமே?

மறுத்தார்கள், அதற்குப் பெரிய விலையும் கொடுத்தார்கள். ரோமின் போர்களில் பாதிச் சுமையைத் தூக்கியவர்கள் இத்தாலிய நேச நாட்டார். கி.மு. 122-ல் சீர்திருத்த அரசியல்வாதி கேயஸ் கிராக்கஸ் அவர்களுக்கு உரிமை தரலாம் என்றபோது, கன்சல் என்ற உச்ச ஆட்சிப் பதவியில் இருந்த ஃபேனியஸ் மக்களிடம் கேட்டது இதுதான்: இவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தால், இந்தக் கூட்டத்திலும் விளையாட்டிலும் திருவிழாவிலும் உங்களுக்கு நிற்க இடம் இருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? எல்லாவற்றையும் அவர்களே பிடித்துக்கொள்ள மாட்டார்களா? இருபத்தொரு நூற்றாண்டு கழித்தும் இந்தப் பேச்சில் ஒரு சொல்லைக்கூட மாற்றத் தேவையில்லை.

கி.மு. 95-ல் குடிமகன் வேடம் போடும் இத்தாலியர்களைக் கண்டுபிடித்து நீக்க ஒரு சட்டம். கி.மு. 91-ல், உரிமை தரலாம் என்று மசோதா கொண்டுவந்த ட்ரூசஸ் தன் வீட்டிலேயே குத்திக் கொல்லப்பட்டார். இத்தாலி பற்றி எரிந்தது. கிளர்ச்சிக்காரர்கள் கார்ஃபினியத்தைத் தலைநகராக்கிச் சொந்த நாணயம் அடித்தார்கள். அதில் இத்தாலியக் காளை ரோம ஓநாயைக் கொம்பால் குத்துகிறது. கடைசியில் ரோம் போர்க்களத்தில் வென்றது. ஆனால் கி.மு. 90, 89 ஆண்டுகளில் வந்த சட்டங்களால், அவர்கள் எதைக் கேட்டார்களோ அதைக் கொடுத்துவிட்டது. முன்பே கொடுத்திருந்தால் செலவில்லாமல் முடிந்திருக்கும்.

கிளாடியஸின் செனட் உரை என்கிறார்களே, அது என்ன?

கி.பி. 48-ல் கால் நாட்டு, அதாவது இன்றைய பிரான்ஸ் பகுதிப் பிரமுகர்கள் ரோமின் மூத்தோர் அவையான செனட்டில் இடம் கேட்டார்கள். பழைய செனட்டர்கள் கொதித்தார்கள்: நம்மோடு போரிட்டவன் பேரன்களா நம் பக்கத்தில் உட்காருவது? பேரரசர் கிளாடியஸ் எழுந்து பதில் சொன்னார். அவரே இன்றைய லியோன் நகரில் பிறந்தவர்.

இந்த உரை நமக்கு இரண்டு வடிவத்தில் கிடைக்கிறது. ஒன்று, வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் செதுக்கிக் கொடுத்தது. அதில் கிளாடியஸ் கேட்கிறார்: ஸ்பார்ட்டாவும் ஏதென்ஸும் அவ்வளவு வீரம் இருந்தும் ஏன் அழிந்தன? தோற்றவர்களைக் கடைசிவரை அந்நியர்களாகவே தள்ளிவைத்ததால்தானே?

மற்றது 1528-ல் லியோனில் ஒரு திராட்சைத் தோட்டத்திலிருந்து வெளிவந்த வெண்கலப் பலகை. உரை மூலத்துக்கு இதுவே நெருக்கம், ஆனால் அழகு குறைவு. பழங்கால மன்னர்களில் யார் யார் வெளியூர்க்காரர் என்று கிளாடியஸ் ஆரம்பித்து எங்கெங்கோ போகிறார். நூமா சபைன்காரன், டார்க்வின் ஒரு கொரிந்துக்காரனின் மகன் என்று அடுக்கிக்கொண்டே போய், நடுவில் தன்னையே பெயர் சொல்லி அழைத்து, சரி, உன் பேச்சு எங்கே போகிறது என்று செனட்டர்களுக்குச் சொல்லும் நேரம் வந்துவிட்டது என்கிறார். எவனோ குறுக்கே கத்தியது அப்படியே பதிவாகிவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு. மேடைப் பேச்சு கேட்டுப் பழகிய நமக்கு இரண்டுமே நம்பும்படிதான் இருக்கிறது.

கோரிக்கை நிறைவேறியது. முதலில் கால் நாட்டின் ஏடுயீ இனத்தாருக்கு மட்டும். கிளாடியஸ் செத்த பிறகு, கிரேக்கன், காலியன், ஸ்பானியன், பிரிட்டன்காரன் எல்லோருக்கும் ரோம அங்கி மாட்டிவிடப் பார்த்த மனிதன் என்று தத்துவவாதி செனெக்கா கிண்டல் எழுதினார். செனெக்காவும் ஸ்பெயினில் பிறந்தவர்தான். ஏறியபின் ஏணியை எட்டி உதைப்பது அன்றும் இருந்தது.

நகரத்திலிருந்து வெளியேற்றியதெல்லாம் எப்போது?

அடிக்கடி. பஞ்சம், அரசியல் பதற்றம், மதம் என்று ஏதோ ஒரு சாக்கு. கி.பி. 6 வாக்கில் தானியத் தட்டுப்பாடு வந்தபோது பேரரசர் அகஸ்டஸ் வெளிநாட்டவர்களை நகரத்தைவிட்டு அனுப்பினார், மருத்துவர்களையும் ஆசிரியர்களையும் தவிர. கி.பி. 19-ல் டைபீரியஸ் ஆட்சியில் 4000 யூத, எகிப்திய மதத்தாரைச் சார்டீனியாவில் கொள்ளையர்களை அடக்க அனுப்பினார்கள். அங்குள்ள தட்பவெப்பத்தில் செத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை என்று நினைத்ததாக டாசிட்டஸ் எழுதுகிறார்.

4ஆம் நூற்றாண்டில் நடந்த ஒரு வெளியேற்றத்தைப் பற்றி வரலாற்றாசிரியர் அம்மியானஸ் எரிச்சலோடு குறிக்கிறார். பஞ்சம் என்று படித்தவர்களைக்கூட மூச்சுவிட நேரம் தராமல் விரட்டினார்கள். 3000 நாட்டியக்காரிகளும் அவர்களின் பாட்டுக்காரர்களும் ஆசான்களும் மட்டும் தங்கலாம் என்றார்கள். அம்மியானஸும் கிழக்கிலிருந்து வந்த கிரேக்கர். யார் தேவை, யார் வேண்டாத சுமை என்ற பட்டியலை எழுதுகிறவனின் ரசனை அதில் தெரியாமல் போகாது.

சாதாரண ஆட்களின் வாழ்க்கை எப்படி இருந்தது?

வடகிழக்கு இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸில் ஒரு கல்லறைக் கல் இருக்கிறது, 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ரெஜினா என்ற பெண் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் நூல் கதிர், பக்கத்தில் கம்பளி உருண்டைகள், இன்னொரு பக்கம் நகைப்பெட்டி. முகம் உடைந்துபோயிருக்கிறது. வயது 30, தெற்கு பிரிட்டனின் கேட்டுவெல்லாவ்னி இனம். கல்லை வைத்தவன் அவள் கணவன் பராத்தேஸ். சுமார் 4000 கிலோமீட்டர் தள்ளி, சிரியப் பாலைவனத்துப் பால்மைராக்காரன். அவள் அவனுடைய அடிமையாக இருந்து விடுதலை பெற்றவள்.

லத்தீன் வரிகளில் இலக்கணம் தடுமாறுகிறது. கீழே பால்மைரா எழுத்தில் ஒரே வரி, தெளிவான கையில்: பராத்தேஸ் விடுவித்த ரெஜினா, ஐயோ. அந்த ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? இந்தக் கல்லில் அன்பும் இருக்கிறது, விலைக்கு வாங்கிய உறவும் இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ரெஜினா எழுதியது எதுவும் இல்லை.

நிற வெறி இருந்ததா?

இன்றைய பொருளில் தோல் நிறத்தை வைத்துச் சட்டம் பிரிக்கவில்லை. லிபியாவின் லெப்டிஸ் மாக்னாவில் பிறந்த செப்டிமியஸ் செவரஸ் பேரரசரானார். சிரியப் பகுதியிலிருந்து வந்த அராபியர் பிலிப்தான் கி.பி. 248-ல் ரோமின் ஆயிரமாவது ஆண்டு விழாவை நடத்தினார். ஆனால் ஏளனத்துக்குக் குறைவில்லை. சிரியாவின் ஒரோண்டீஸ் ஆறு டைபரில் வந்து கலந்துவிட்டது என்று கவிஞர் ஜுவெனல் புலம்பினார். செவரஸின் சகோதரி பார்க்க வந்தபோது அவள் லத்தீன் பேச்சால் வெட்கப்பட்டு அவர் ஊருக்கே திருப்பி அனுப்பினார் என்று ஒரு கதை உண்டு. கதை நிஜமோ பொய்யோ, உச்சரிப்பை வைத்து ஆளை எடைபோட்டார்கள் என்பது மட்டும் நிஜம்.

கி.பி. 212-ல் எல்லோருக்கும் குடியுரிமை கிடைத்ததே, அது முற்போக்குதானே?

பேரரசர் கராகல்லா அந்த ஆண்டில் பேரரசின் சுதந்திரக் குடிகள் ஏறக்குறைய அனைவரையும் குடிமக்கள் ஆக்கினார். அக்கால வரலாற்றாசிரியர் டியோவைக் கேட்டால், எல்லாம் வரிக்காக என்பார். வாரிசு வரி குடிமக்களுக்கு மட்டும். அதையும் 5 சதவீதத்திலிருந்து 10 ஆக்கியிருந்தார். டியோவுக்குக் கராகல்லா என்றாலே ஆகாது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்த ஆணையின் கிரேக்கப் பிரதி என்று கருதப்படும் கிழிந்த பாப்பிரஸ், அதாவது நாணல் தாள், ஜெர்மனியின் கீஸன் நகரில் இருக்கிறது. அதே தாளில், அடுத்த பத்தியில், அதே கராகல்லாவின் இன்னோர் ஆணை: அலெக்சாண்டிரியாவில் இருக்கும் நாட்டுப்புற எகிப்தியர்கள் அனைவரையும் வெளியேற்று. பன்றி வியாபாரிகள், ஆற்றுப் படகோட்டிகள், குளியல் கூடத்துக்கு அடுப்பெரிக்க நாணல் கொண்டுவருகிறவர்கள் மட்டும் இருக்கலாம். எகிப்தியனை எப்படி அடையாளம் காண்பது என்றும் ஆணை சொல்கிறது: பேச்சு, தோற்றம், உடை. குடியுரிமை கொடுத்தவன் சில ஆண்டுகளிலேயே பேச்சை வைத்து ஆள் பிடிக்கிறான். ரோமைப் பற்றி ஒரே ஒரு ஆவணம் காட்டச் சொன்னால் நான் இந்தத் தாளைத்தான் காட்டுவேன்.

இன்னொன்று: எல்லோரும் குடிமக்கள் ஆனபோது, நீதிமன்றத்தில் மேல்தட்டு, கீழ்த்தட்டு என்ற பிரிவு கெட்டிப்பட்டது. பவுலைக் காப்பாற்றிய அந்த ஒரு வாக்கியம் ஏழைக் குடிமகனின் வாயில் பலம் இழந்துபோனது.

கடைசியில் ரோமைக் குடியேறிகள்தானே அழித்தார்கள்?

இதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

கி.பி. 376-ல் ஹூணர்கள் விரட்ட, ஜெர்மானிய இனத்தாரான கோத்துகள் குடும்பம் குடும்பமாக டான்யூப் வடகரையில் வந்து நின்று, உள்ளே விடுங்கள் என்று கெஞ்சினார்கள். பேரரசர் வேலன்ஸ் மகிழ்ச்சியோடு சம்மதித்தார். புதுப்படைக்கு ஆள் ஆச்சு, சொந்தக் குடிகளிடம் ஆளுக்குப் பதில் பொன் வாங்கிக்கொள்ளலாம். மழையில் ஆறு பெருகியிருந்தது. படகிலும் கட்டுமரத்திலும் குடைந்த மரத்திலும் கடந்தார்கள். பலர் மூழ்கினார்கள். எண்ண முயன்ற அதிகாரிகள் பாதியில் கைவிட்டார்கள்.

ரோமுக்கு இது புதிதும் இல்லை. நீரோ காலத்தில் ஆளுநர் பிளாட்டியஸ் சில்வானஸ் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை டான்யூபைத் தாண்டிக் கொண்டுவந்து, வரி கட்டும் குடிகளாக உட்காரவைத்ததை அவருடைய கல்லறைக் கல்வெட்டு பெருமையோடு சொல்கிறது. நிலம் கொடுத்துப் பிரித்துக் குடியமர்த்துவது அவர்களுக்குத் தெரிந்த வேலை.

376-ல் பொறுப்பில் இருந்தவர்கள் லூபிசினஸ், மேக்ஸிமஸ் என்ற இருவர். வந்தவர்களை ஆற்றங்கரையிலேயே பட்டினி போட்டார்கள். அப்புறம் நாய்களைப் பிடித்து வந்து, ஒரு நாய்க்கு ஓர் ஆள் அடிமை என்று விற்றார்கள். தலைவர்களின் பிள்ளைகளும் அப்படிப் போனார்கள். மார்சியனோப்பிள் நகரத்துக்குள் போய் உணவு வாங்கவும் விடவில்லை. லூபிசினஸ் கோத்துத் தலைவர்களை விருந்துக்கு அழைத்து, வெளியே கலகம் என்று தெரிந்ததும் அவர்களின் மெய்க்காவலர்களைக் கொன்றான். தலைவர்களில் ஒருவனான ஃப்ரிட்டிகெர்ன் தப்பினான், போர் மூண்டது. 378 ஆகஸ்ட் 9 அன்று ஆட்ரியானோப்பிளில் ரோமப் படையில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்தது. வேலன்ஸின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

இதை எழுதிய அம்மியானஸுக்குக் கோத்துகள் மேல் பாசம் கிடையாது. காட்டுமிராண்டிகள் என்றுதான் எழுதுகிறார். அவரே அந்த இரு அதிகாரிகளின் பேராசையைத்தான் காரணமாகச் சுட்டுகிறார்.

முப்பது வருடம் கழித்து மறுபடியும். 408-ல், தந்தை வாண்டல் இனத்தவரான தளபதி ஸ்டிலிக்கோவைக் கொன்றார்கள். உடனே இத்தாலிய நகரங்களில் ரோமப் படையினர், தங்களோடு வேலை பார்த்த அயல் இன வீரர்களின் மனைவி மக்களைப் படுகொலை செய்தார்கள். 30,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் கோத்துத் தலைவன் அலாரிக் பக்கம் போனதாக வரலாற்றாசிரியர் சோசிமஸ் எழுதுகிறார். அலாரிக் கேட்டதோ நிலமும் தானியமும் ஒரு ரோமப் பதவியும். பேச்சுவார்த்தை திரும்பத் திரும்ப முறிந்தது. 410 ஆகஸ்டில் அவன் ரோமுக்குள் புகுந்தான்.

உள்நாட்டுப் போர்கள், வட ஆப்பிரிக்க வருமானம் பறிபோனது என்று மேற்குப் பேரரசின் வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆட்கள் வந்ததை மட்டும் தனியே பிரித்து எடுத்து அதன் மேல் பழிபோடுவது வசதியான வாதம்.

இன்றைக்கு இதிலிருந்து என்னதான் எடுத்துக்கொள்வது?

ரோமை முன்மாதிரியாக எடுக்க முடியாது. அடிமை முறையும் படையெடுப்பும் இல்லாமல் அந்தத் தாராளம் இல்லை. ஆனால் துணைப்படைச் சிப்பாய்க்குத் தன் 25 ஆண்டு எப்போது முடியும், முடிந்தால் கையில் என்ன வரும் என்று தெரிந்திருந்தது. தலைமுறை தலைமுறையாக உழைத்தும் குடியுரிமைக்கு வழியே இல்லாமல் ஆட்களை வைத்திருக்கும் பணக்கார நாடுகள் இன்று இருக்கின்றன; அந்த ஒரு விஷயத்தில் அவை ரோமைவிடப் பின்தங்கியவை என்பேன். இன்னொன்று, எல்லையைத் திறப்பதா மூடுவதா என்று தலைநகரில் எடுக்கும் முடிவைவிட, ஆற்றங்கரையில் ரொட்டியை யார் கணக்கு வைக்கிறான் என்பது பெரிய விஷயமாக இருந்தது. வேலன்ஸின் உத்தரவில் தவறில்லை. லூபிசினஸைக் கேட்க ஆளில்லை.

ரோமப் பேரரசுக்குள் தமிழர்கள் இருந்தார்களா?

செங்கடல் துறைமுகங்களுக்கு வந்து போனதற்குச் சான்று உண்டு. எகிப்தின் குசேர் அல்-காதிமில் கிடைத்த கி.பி. 1–2ஆம் நூற்றாண்டுப் பானை ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ் பிராமியில் இருக்கின்றன. இன்னொன்றில் பானை ஒறி, அதாவது பானை உறி, என்று எழுதியிருக்கிறது. மறுபக்கம், முசிறியில் அகஸ்டஸ் கோயில் இருந்ததாக ரோமப் பாதை வரைபடம் காட்டுகிறது. வியன்னாவில் உள்ள பாப்பிரஸ் ஒன்று, முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தத்தையும் ஹெர்மாபொல்லோன் என்ற கப்பலின் சரக்கையும் விவரிக்கிறது. குடியுரிமை கேட்டு இவர்கள் போனதாக எந்தச் சான்றும் இல்லை. ரோம் எதிர்பார்த்ததும் அவர்கள் வந்த கப்பலின் சரக்கில் கால் பங்கு சுங்கத்தை மட்டும்தான்.